அத்தைக்கு யாருமில்லாத நாட்கள்

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது, என் அத்தையை நாங்கள் கொஞ்ச நாள் அனாதையாக வைத்திருந்தோம். எல்லோரும் கலந்து பேசி, அத்தையின் சம்மதத்தோடுதான் செய்தோம். தெருவே ஒத்தாசைக்கு நின்றது.

அத்தை என்றால் என் அப்பாவின் அக்கா. கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே புருஷன் இறந்துபோய், பிள்ளையும் இல்லாமல், ஆரணிக்கே திரும்பி வந்துவிட்டவள். அதற்காக அவளை ஒண்டிக்கொண்டு இருந்தவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு ஒன்று தீர்ந்து அடுத்த பாவு ஏறும்போது, புது இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் அந்த வேலைக்கு அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அவள் விரலைவிட வாய் வேகமாக ஓடும். இன்றைக்கு எந்த வீட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெருமுனையில் நின்றாலே கேட்டுவிடும். கூலி வாங்கிய நாளில் எங்கள் வீட்டுக்கு அரிசியோ எண்ணெயோ வாங்கிவந்து போடுவாள். அன்றைக்கு அம்மாவின் சமையலில் எது சரியில்லை என்பதையும் விளக்கமாகச் சொல்வாள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அடுத்த நாள் அதைத் திருத்திச் செய்வாள்.

ஒரு மார்கழி மாதக் காலையில் எழுந்திருக்கப் பார்த்தாள், வலது கையும் காலும் கூடவே எழுந்து வரவில்லை. வாதம். காலில் கொஞ்சம் உயிர் திரும்பி, இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறினாள். கை தேறவில்லை. வேலூருக்குக் கூட்டிப் போனார்கள். களம்பூரில் ஒருவர் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். எண்ணெய் வாசனை வீடு முழுக்க நின்றது. கை மட்டும் தொங்கியபடியே இருந்தது.

கையோடு வாயும் போய்விட்டது. பேச முடியாமல் இல்லை, பேசவில்லை. தட்டில் போட்டதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு "போதும்மே" என்று எழுந்துவிடுவாள்.

"இன்னா அண்ணி, பூனைக்கு வெச்சா மாரி துன்றீங்க?" என்பாள் அம்மா.

"வேல செய்யாத ஒடம்புக்கு இது போதும்."

பிறகு ஒருநாள், திருவண்ணாமலைக்குப் போய்விடப் போவதாகச் சொன்னாள். கோயிலண்டை உட்கார்ந்தால் ஒரு வேளைச் சோறு போடுகிறார்களாம். சாமியார்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்களாம்.

"யக்கா, அதுக்குப் பேரு பிச்ச" என்றார் அப்பா.

"ஒங்கையில துன்றதுக்கு இன்னாடா பேரு?"

அப்பா எழுந்து தறிக்குப் போய்விட்டார். எங்களுக்கு இருந்தது ஒரு தறி. அதுவும் முதலாளி கொடுக்கும் பட்டுக்குக் கூலி நெசவு. அந்த ஒரு தறியில்தான் வாடகை, நான், என் தங்கை, அம்மா, அப்பா, இப்போது அத்தை. அத்தை இரண்டு புடவைகளை மடித்து ஒரு துணிப்பையில் போட்டு வைத்துவிட்டாள். யார் என்ன சொல்லியும் எடுக்கவில்லை.

ஊனமாகி வேலை செய்ய முடியாதவர்களுக்கு கவர்மெண்டு மாதாமாதம் பணம் தருகிறது என்ற சேதியை அம்மாதான் தெருக்குழாயிலிருந்து கொண்டுவந்தாள். களம்பூரில் ரைஸ் மில்லில் கால் போன ஒருத்திக்கு வருகிறதாம். "அது வந்தா ஒங்க சோறு ஒங்க துட்டுல. அப்ப போவ மாட்டீங்கல்ல?" என்று அம்மா கேட்டாள். அத்தை யோசித்தாள்.

"வந்தா இருக்கறேன். ஆபீசர் வந்து இல்லன்னு சொல்லிட்டார்னா, அடுத்த பஸ்சு."

மறுநாளே அம்மா அத்தையைத் தாலுக்கா ஆபீசுக்கு அழைத்துப்போனாள். அத்தை பிடித்துக்கொண்டு நடப்பதற்கு என் தோளும் போயிற்று. வாசலில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவர் அத்தையின் கையைப் பார்த்தார்.

"சரிம்மா. இவங்களுக்கு யார் இருக்காங்க?"

"நாங்கதாங்க கீறோம்" என்றாள் அம்மா பெருமையாக.

அவர் பேனாவை மூடினார். "அப்ப கெடைக்காது. யாரும் இல்லாதவங்களுக்குத்தான் கவர்மெண்டு துட்டு. நீங்க கீறீங்கன்னா நீங்களே சோறு போடுங்க."

என் அம்மா இதற்கு ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "நாங்கன்னா… பக்கத்து வூடுங்க. சும்மா தொணைக்கு வந்தோம்" என்றாள்.

பேனா திறந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் அப்பா, தறிக்கு அடியில் கால் மிதிக்கிற குழியிலிருந்து ஏறி வந்து போட்ட சத்தம் எங்கள் தெருவுக்குப் புதிது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை.

"நான் ஒர்த்தன் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு கீறேன், என் அக்காவ அனாதன்னு எழுதிட்டு வந்தீங்களா?"

"காயிதத்துலதானங்க" என்றாள் அம்மா.

"அப்ப காயிதத்துல நான் செத்துட்டனா?"

 மூலையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நீ சாவலடா. பக்கத்து வூட்டுக்குக் குடி போயிட்ட, அவ்ளோதான்."

கை விழுந்த பிறகு அத்தை அடித்த முதல் கிண்டல் அது. அப்பா சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்ட பிறகு சண்டையைத் தொடர முடியவில்லை. "ஏதோ பண்ணுங்க. ஆனா அந்தாளு வர்ற அன்னிக்கு நான் தறிக்குழிய வுட்டு ஏறமாட்டேன். திரும்பியும் பாக்க மாட்டேன். அவ எனக்கு யாரும் இல்லன்னு என் வாயால வராது" என்றார்.

அதன் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ. வருவார், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாளா என்று பார்ப்பார் என்று மனு எழுதியவர் சொல்லியிருந்தார். கூடத்தின் ஒரு மூலையைப் பழைய புடவையால் மறைத்து அத்தையின் வீடாக்கினோம். அம்மா களிமண் குழைத்து அங்கே ஓர் அடுப்பு போட்டாள். இந்த இடத்தில்தான் எங்கள் வழக்கம் குறுக்கே வந்தது. புது அடுப்பை மொட்டையாக விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. அதுவும் நாத்தனாருக்குப் போடும் அடுப்பு. சாணம் மெழுகி, மூன்று குமிழுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சுற்றிலும் மாக்கோலம் போட்டாள். கோலம் அழியாமல் இருக்க வேண்டும் என்று யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. அடுப்பு அப்படியே கொலு மாதிரி இருந்தது. அத்தைக்குச் சோறு வழக்கம்போல எங்கள் அடுப்பிலிருந்து புடவைக்கு அடியில் போயிற்று.

எதிர்வீட்டுக்காரர் தறி நெய்கிறவர்தான், ஆனால் கூத்தில் வேஷமும் கட்டுவார். அவரைச் சாட்சிக்கு வைத்திருந்தோம். "அழணுமா, சும்மா சொன்னா போதுமா?" என்று கேட்டார்.

"சும்மா சொன்னா போதும்ணா" என்றாள் அம்மா. அவருக்கு அதில் ஏமாற்றம்.

என்னைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வாத்தியார் பேர் கூப்பிட்டாலே "உள்ளேன் ஐயா" சொல்ல எனக்கு நேரம் பிடிக்கும். ஆனாலும் ஒரு பந்தோபஸ்துக்காக, ஆபீசர் கேட்டால் அத்தையை "அந்தம்மா" என்று சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். நான் புழக்கடையில் நின்று சொல்லிப் பார்த்தேன். செடியைப் பார்த்துச் சொல்லும்போது சரியாகவே வந்தது.

ஆர்.ஐ. ஒரு வெயில் வேளையில், தலையாரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வர, சட்டையெல்லாம் வேர்வையோடு வந்தார். அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். தட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அம்மா நின்றுவிட்டாள். உள்ளே அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஆர்.ஐ. வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்து தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டார். "ஐயா! இந்தம்மாவுக்கு மேல ஆகாசம், கீழ பூமி, நடுவுல நாதியில்லீங்க ஐயா! பட்டினியா கெடக்கறாங்க ஐயா!"

தறியின் சத்தம் வேகமாயிற்று.

"நீ யாருய்யா?"

"எதிர்வூடுங்க."

"மெதுவா பேசு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது." ஆர்.ஐ. அத்தையின் தட்டைப் பார்த்தார். சோறு, குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். "பட்டினிக்குப் பொரியல் வேறயா?"

எதிர்வீட்டுக்காரர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆர்.ஐ. புடவையை விலக்கி அடுப்பைப் பார்த்தார். குனிந்து உள்ளே விரலால் தடவி, விரலைப் பார்த்தார்.

"எப்பத்திலேர்ந்து இதுல சமைக்கறாங்க?"

"ரொம்ப நாளாங்க" என்றாள் அம்மா.

"ரொம்ப நாளா இப்பிடிப் புதுசாவே இருக்குதா? ஒரு புகை இல்ல, ஒரு சாம்பல் இல்ல. அடுப்புக்கு ஆயுத பூஜையா போட்டு வெச்சிருக்கீங்க?"

தலையாரி சிரித்தார். அம்மா கோலத்தைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். திருவண்ணாமலை பஸ் எங்கள் வாசலில் வந்து நின்று ஹாரன் அடிப்பதுபோல எனக்குத் தோன்றியது.

ஆர்.ஐ. சுற்றும்முற்றும் பார்த்தார். பெரியவர்களிடம் இனிக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாடா பையா. இவங்க ஒனக்கு யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் உதடு மட்டும் எனக்காக அசைந்தது. அத்தை ஒரு கையில் சோற்றோடு அப்படியே இருந்தாள்.

"அந்த…" என்றேன். மிச்சம் வரவில்லை. மறுபடியும் "அந்த…" என்றேன். உள்ளே தறி நின்றுவிட்டது.

அத்தை இடது கையால் தரையில் ஓங்கி அடித்தாள். சோறு தெறித்தது.

"வுட்டுடுங்க சார் புள்ளய!"

அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. தெருமுனை வரைக்கும் போகிற பழைய குரல்.

"அவன் என் தம்பி புள்ள. இவ என் தம்பி பொண்டாட்டி. அந்த அடுப்பு சும்மா, ஒரு நாளும் பத்த வெக்கல. இந்தச் சோறு அவ ஆக்கனதுதான். எனக்கு ஆள் இல்லன்னு யாரு சொன்னா? எல்லாரும் கீறாங்க எனக்கு. இந்தக் கைதான் இல்ல. கை இல்லாததுக்குக் குடுக்கற துட்டா இருந்தா குடுங்க. ஆள் இல்லன்னாத்தான் குடுப்போம்னா எனக்கு வேணாம் சார், எழுந்து போங்க. இந்தப் புள்ள என்ன அந்தம்மான்னு சொல்லி வர்ற சோறு என் தொண்டையில எறங்காது."

தெரு மொத்தமும் வாசலில் நின்றது.  அப்பா தறிக்குழியை விட்டு ஏறி வந்தார். மேலே சட்டையில்லை, தலையில் பட்டு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. நேராக வந்து ஆர்.ஐ. முன்னால் நின்றார்.

"நான்தாங்க தம்பி. எழுதிக்குங்க."

ஆர்.ஐ. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு திண்டு மாதிரி மடித்து வைத்திருந்த பாயின்மேல் உட்கார்ந்துகொண்டு, அத்தையைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

"புருஷன்?"

"செத்து எவ்ளவோ வருசம் ஆச்சு."

"புள்ளைங்க?"

"பொறக்கல."

"நெலம், வீடு எதுனா உண்டா?"

"இந்த வூடே வாடகைங்க" என்றார் அப்பா.

"வலது கையத் தூக்கும்மா."

அத்தை இடது கையால் வலது கையை எடுத்து மேலே தூக்கி, விட்டாள். அது மடியில் விழுந்தது. ஆர்.ஐ. எழுதினார். எழுதி முடித்துக் கீழே கையெழுத்தும் போட்டார்.

"சரி. உத்தரவு வர்றதுக்குக் கொஞ்ச மாசம் ஆகும். மணியார்டர்ல வரும்."

யாருக்கும் புரியவில்லை. அம்மாதான் மெதுவாகக் கேட்டாள். "சார்… தம்பி கீறாருங்களே?"

"இருக்கட்டுமே. தம்பி இருக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"மனு எழுதறவருங்க."

ஆர்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனுக்கு எழுதத்தாம்மா தெரியும், படிக்கத் தெரியாது. புருஷன் இருக்கானா, வயசுக்கு வந்த புள்ள, பேரன் இருக்கானான்னுதான் நாங்க பாக்கறது. தம்பியெல்லாம் அதுல சேத்தி இல்ல. ஒண்ணுக்குப் பத்து தம்பி இருந்தாலும் கவர்மெண்டுக்கு அது யாரும் இல்லாத மாதிரிதான்."

அப்போது கிளம்பிய சத்தத்தை என்னவென்று சொல்வது? மாரியம்மன் கோயில் தேர் நிலைக்கு வரும்போதுதான் எங்கள் தெரு அப்படிக் கத்தும். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "அப்ப நான் பேசனதெல்லாம்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "அத அடுத்த கூத்துக்கு வெச்சிக்க" என்றார் தலையாரி. ஆர்.ஐ.க்கு மோர் கொண்டுவரப் போன அம்மாவை அவர் நிறுத்தினார்.

"மோர் வேணாம். அந்த அடுப்புல ஒரு டீ போடுங்க. பாவம், அதுல நெருப்புப் படட்டும்."

அம்மா கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஈரம் காயாத அடுப்பு வீடு முழுக்கப் புகைந்தது. ஆர்.ஐ. இருமிக்கொண்டே டீ குடித்தார். தலையாரி குடித்தார். தெருவில் பாதிப்பேர் குடித்தார்கள். சர்க்கரை தீர்ந்துபோய் எதிர்வீட்டிலிருந்து வந்தது. அப்பா மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, மறைப்புக்குக் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து, நான்காக மடித்துப் பெட்டியின்மேல் போட்டார்.

உத்தரவு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. அத்தை பஸ் ஏறவில்லை. ஒருநாள் போஸ்ட்மேன் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு பெயரை இனிஷியலோடு உரக்கக் கூப்பிட்டார். அப்படி இங்கே யாருமில்லை என்று நான் சொல்லப் போனேன். "நாந்தாண்டா அது" என்று சொல்லிக்கொண்டு அத்தை காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இடது கைக் கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தாள். ரேகை வைத்தால் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும், எழுதத் தெரிந்தவர்கள் யாராவது வாங்க என்றார் போஸ்ட்மேன். எதிர்வீட்டுக்காரர் பேனாவை வாங்கிவிட்டார்.

"யோவ், பேனாவக் கீழ வெய்யி!"

குழிக்குள்ளிருந்து அப்பா. வேகமாக ஏறி வந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைக் கொடுக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தையும் எழுதினார். நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். தம்பி.

"பேரு மட்டும் போதும்யா. ஒறமொறையெல்லாம் அதுல யாரு கேட்டாங்க? எடம் எங்க கீது பாரு" என்றார் போஸ்ட்மேன்.

"கேக்க மாட்டாங்கன்னு தெரியுங்க" என்றார் அப்பா.

அன்று அத்தை அந்தப் பணத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாமே இது? இதுக்குப் பேரு கொழம்பா? புளி கரைச்சியா, புளி மரத்தையே கரைச்சியா?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாளைக்கு நல்லா வெக்கறேன் அண்ணி."

"நாளைக்கு வெப்ப. இன்னிக்கு? இன்னும் கொஞ்சம் சோறு போடு, இத வெச்சிதான் சமாளிக்கணும்."

இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மூன்றாம் தடவை மோருக்கு. தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு மாதாமாதம் மணியார்டர் வந்தது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு தறியில் உட்கார்ந்த பிறகும் வந்தது. போஸ்ட்மேன் மணியை அடித்தால் அப்பா குறுக்கே நூல் ஓட்டுகிற நாடாவை அப்படியே விட்டுவிட்டு ஏறிவிடுவார். பெயரை எழுதுவார், பக்கத்தில் தம்பி என்று எழுதுவார். பேரு மட்டும் போதும் என்று போஸ்ட்மேன் சொல்வார். அடுத்த மாதமும் அப்பா அதையே எழுதுவார், போஸ்ட்மேனும் அதையே சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும். வேண்டாம் என்று போஸ்ட்மேன் இத்தனை தடவை சொல்லியும் நம் அப்பாவுக்கு மட்டும் ஏன் மண்டையில் ஏறவே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.